டெர்மினலில் பொதி நிறுவுவதும் நீக்குவதும்: ‘ஒய்’ தட்டும் முன் படியுங்கள்

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் சித்தி மகள், கல்லூரியில் சேர்ந்த வருஷம் தன் லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டாள். அன்று முதல் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எனக்குப் போன் வரும். “அண்ணே, என்னமோ கேக்கு. ‘ஒய்’யா, ‘என்’னான்னு கேக்கு. என்ன அடிக்க?” என்பாள். ‘ஒய்’ என்றால் எஸ், சரி. ‘என்’ என்ற எழுத்து நோ, வேண்டாம். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: அந்தக் கேள்விக்கு மேலே என்ன எழுதியிருக்கிறதோ அதை எனக்கு வாசித்துக் காட்டு. அவள் வாசிப்பாள். பாதி வாசிக்கும்போதே என்ன அடிக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

மென்பொருள் பொதிகளை நிறுவுவது, நீக்குவது பற்றி அந்தப் போன் பேச்சுகளில் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்று டெபியன் குடும்பத்தைச் சேர்ந்த எதை வைத்திருந்தாலும் இது பொருந்தும். இந்தக் குடும்பத்தில் பொதிகளைக் கையாளும் கருவி ‘ஆப்ட்’. வேறு லினக்ஸ் வகைகளான ஃபெடோராவில் ‘டிஎன்எஃப்’, ஆர்ச்சில் ‘பேக்மேன்’ என்று கருவியின் பெயர் மாறும். படித்துப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுக்கும் பழக்கம் அங்கேயும் இதேதான்.

முதலில் டெர்மினல்

உபுண்டுவிலும் மின்டிலும் கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மற்றவற்றில் அது வேலை செய்யாவிட்டால் மெனுவில் ‘டெர்மினல்’ என்று தேடித் திறங்கள். ஒரு ஜன்னல் திறக்கும். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் அதுதான். உங்கள் பெயரும் கணினியின் பெயரும் வந்து, கடைசியில் ஒரு டாலர் குறி நிற்கும். அதற்குப் பின்னால்தான் தட்ட வேண்டும்.

கட்டளைகளைப் போனில் சொல்வதுபோல, வாயால் உச்சரிக்கிறபடியே எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. ‘சூடோ’ என்பது எஸ், யூ, டாக் டி, ஓ. ‘ஆப்ட்’ என்பது ஏ, பேப்பர் பி, டேபிள் டி. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி கட்டாயம் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

‘சூடோ’ என்றால், நிர்வாகியின் அதிகாரத்தோடு இதைச் செய் என்று அர்த்தம். பொதியை நிறுவவோ நீக்கவோ அது வேண்டும். தேடவும் விவரம் பார்க்கவும் வேண்டாம். சூடோ போட்டதும் பாஸ்வேர்டு கேட்கும். “அடிச்சா ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு” என்று சித்தி மகள் முதல் நாளே பயந்துவிட்டாள். பெரும்பாலும் புள்ளியோ நட்சத்திரமோகூட வராது, ஆனால் நீங்கள் அடிப்பது உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். முழுவதும் அடித்து எண்டர் தட்டுங்கள், போதும்.

களஞ்சியம்

விண்டோஸில் பழகியவர்கள் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் பிரௌசரைத் திறந்து அதன் தளத்தைத் தேடிப் போவார்கள். இங்கே அப்படிப் போகத் தேவையில்லை. பல்லாயிரம் மென்பொருள்களைக் கட்டிக் கட்டி ஓரிடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டும் ஒரு பொதி. ஆங்கிலத்தில் பேக்கேஜ் என்பார்கள். எல்லாப் பொதிகளும் இருக்கும் இடத்துக்குத் தமிழ்க் கணினி ஆட்கள் வைத்த பெயர் களஞ்சியம். நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

களஞ்சியம் ஒரே சர்வரில் மட்டும் இல்லை. நாட்டுக்கு நாடு அதன் நகல்கள் உண்டு, மிரர் என்பார்கள். கன்னடியன் கால்வாயில் வருவதும் பாளையங்கால்வாயில் வருவதும் ஒரே தாமிரபரணித் தண்ணீர்தானே, அதுபோல எந்த மிரரிலிருந்து எடுத்தாலும் பொதி ஒன்றுதான். பொதிகளின் பட்டியலுக்கு டிஜிட்டல் கையொப்பம் உண்டு. வழியில் யாராவது எதையாவது மாற்றியிருந்தால் ஆப்ட் கண்டுபிடித்து மறுத்துவிடும். கண்ட தளத்திலிருந்து இறக்குவதைவிடக் களஞ்சியம் பாதுகாப்பானது என்று சொல்வது இதனால்தான்.

களஞ்சியத்தில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலின் ஒரு பிரதி உங்கள் கணினியிலும் இருக்கும். அதைப் புதுப்பிப்பதுதான் முதல் வேலை:

சூடோ ஆப்ட் அப்டேட்

வரிகள் வேகமாக ஓடும். ‘ஹிட்’ என்று தொடங்கும் வரிக்கு, அந்தப் பட்டியலில் மாற்றம் இல்லை என்று பொருள். ‘கெட்’ என்றால் புதிதாக இறக்குகிறது. ‘எர்’ என்றால் அந்த முகவரியை எட்ட முடியவில்லை, பெரும்பாலும் நெட் தகராறு. போன் ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறவர்கள் கவனியுங்கள்: ரொம்ப நாள் கழித்து அப்டேட் செய்தால் பட்டியலே சில பத்து எம்பி இழுக்கும்.

அப்டேட் என்ற பெயரைப் பார்த்துவிட்டு மென்பொருள்கள் எல்லாம் புதுசாகிவிட்டன என்று நினைக்காதீர்கள். அது பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கிறது. நிறுவியிருக்கும் பொதிகளைப் புதிய பதிப்புக்கு ஏற்றுவது ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’. முதலில் அப்டேட், அப்புறம் அப்கிரேட். பழைய பாடங்களில் ‘ஆப்ட்-கெட்’ என்று பார்ப்பீர்கள். அதுவும் இன்றும் வேலை செய்யும். 2014-ல் ஆப்ட் 1.0 வந்தபோதுதான் ‘ஆப்ட்’ என்ற சின்னக் கட்டளை வந்தது. கையால் தட்டுகிறவர்களுக்கு இதுவே வசதி.

முதல் பொதி

சின்னதாக ஒன்றில் தொடங்குவோம். ‘ட்ரீ’ என்று ஒரு கருவி, மரத்துக்கான ஆங்கிலச் சொல்தான். ஒரு ஃபோல்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்பதைக் கிளை கிளையாக வரைந்து காட்டும். நிறுவுவதற்கு முன் அதைப் பற்றிக் கேளுங்கள்:

ஆப்ட் ஷோ ட்ரீ

பதிப்பு எண், அளவு, எது எதைச் சார்ந்தது, என்ன செய்யும் என்ற விளக்கம் எல்லாம் வரும். பொதியின் சரியான பெயர் தெரியாவிட்டால் ‘ஆப்ட் சர்ச்’ போட்டு ஒரு சொல்லைக் கொடுக்கலாம். ஆனால் அது விளக்கங்களுக்குள்ளும் தேடிப் பக்கம் பக்கமாகக் கொட்டும். பெயரில் மட்டும் தேட, சர்ச்சுக்குப் பின்னால் இரண்டு ஹைஃபன் சேர்த்து ‘நேம்ஸ்-ஒன்லி’ என்று கொடுங்கள்.

சரி, இப்போது நிறுவலாம்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ட்ரீ

ட்ரீ தனிக்கட்டை. வேறு எதையும் துணைக்குக் கூப்பிடாது என்பதால் ஒன்றும் கேட்காமலே நிறுவிவிடும். முடிந்ததும் ‘ட்ரீ’ என்று தட்டிப் பாருங்கள், உங்கள் ஃபோல்டர்கள் கிளைகளாக விரியும்.

கேள்வி வரும் இடம்

அடுத்து, நமக்கு நிஜமாகவே உதவும் ஒன்றை எடுப்போம். அச்சடித்த தமிழ்ப் பக்கத்தைப் படம் எடுத்தால், அதிலிருக்கும் எழுத்துகளைத் திருத்தக்கூடிய உரையாக மாற்றித் தரும் மென்பொருள் டெசராக்ட். 1980-களில் எச்பி நிறுவனத்தில் தொடங்கிய வேலை, 2005-ல் திறந்த மூலமாக வெளிவந்தது. ஊர்க் கோயில் கொடை நோட்டீஸ், பழைய சங்க மலர் என்று எதையாவது திரும்ப டைப் அடிக்க உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதற்கு இரண்டு பொதிகள் வேண்டும். ஒன்று ‘டெசராக்ட்-ஓசிஆர்’. மற்றொன்று தமிழ்த் தரவு: ‘டெசராக்ட்-ஓசிஆர்-டாம்’. கடைசிச் சொல் டேபிள் டி, ஏ, எம் என்ற மூன்று எழுத்து. ஒரே கட்டளையில் இரண்டையும் கேட்கலாம்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெசராக்ட்-ஓசிஆர் டெசராக்ட்-ஓசிஆர்-டாம்

இப்போது ஆப்ட் நின்று பேசும். நீங்கள் கேட்டது இரண்டு, ஆனால் பட்டியலில் அதைவிட அதிகமாக இருக்கும். படங்களைக் கையாளும் லெப்டோனிக்கா நூலகம், ஆங்கிலத் தரவு, பக்கத்தின் திசையைக் கண்டறியும் தரவு எல்லாம் கூடவே வரும். இவற்றுக்குச் சார்புகள் என்று பெயர்.

சொதி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் சிறுபருப்பும் இல்லாமல் சொதியே கிடையாது. அவை கட்டாயச் சார்பு, ஆங்கிலத்தில் ‘டிபெண்ட்ஸ்’. இஞ்சித் துவையல் இல்லாமலும் சொதி சொதிதான், ஆனால் திருநெல்வேலியில் யாரும் அப்படிப் பரிமாற மாட்டார்கள். அது ‘ரெக்கமெண்ட்ஸ்’. உருளைக்கிழங்கு வறுவல் இருந்தால் நல்லது, அது ‘சஜெஸ்ட்ஸ்’. வழக்கமான அமைப்பில் ஆப்ட் தேங்காய்ப்பாலையும் இஞ்சித் துவையலையும் தானே கொண்டுவந்துவிடும். வறுவலைப் பெயர் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடும். ஹார்ட் டிஸ்கில் இடம் குறைவு, துவையலும் வேண்டாம் என்றால் இரண்டு ஹைஃபன் போட்டு ‘நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ்’ என்று சேர்க்கலாம். புதியவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது, சில வசதிகள் வேலை செய்யாமல் போய்க் காரணம் புரியாமல் தவிக்க நேரும்.

பட்டியலுக்குக் கீழே இரண்டு அளவுகள் வரும். முதலாவது, எத்தனை எம்பி இறக்க வேண்டும் என்பது. உங்கள் டேட்டா பேக்கைத் தொடுவது இதுதான். இரண்டாவது, நிறுவிய பின் டிஸ்கில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது. இது பெரிதாகத்தான் இருக்கும், பொதி சுருக்கி வைக்கப்பட்டது, விரியும்.

இத்தனைக்கும் பிறகுதான் அந்த ‘ஒய்’யா ‘என்’னா கேள்வி. ‘ஒய்’ பெரிய எழுத்திலும் ‘என்’ சின்ன எழுத்திலும் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது, சும்மா எண்டர் தட்டினால் எடுத்துக்கொள்ளும் பதில். அதாவது யோசிக்காமல் எண்டர் தட்டினாலும் அது ‘சரி’ என்றுதான் பொருள்படும். ஆகவே கையை எடுத்துவிட்டுப் பட்டியலைப் படியுங்கள். முக்கியமாக, ‘ரிமூவ்ட்’ என்ற தலைப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை நிறுவப் போய் ஆப்ட் இன்னொன்றை நீக்கப் போகிறேன் என்று சொன்னால், அது என்ன என்று தெரியாதவரை ‘என்’ தட்டிவிட்டு வெளியே வாருங்கள். எதுவும் கெட்டுப்போகாது. ஆப்ட் 3.0 வரிசையில் நிறுவப்போவதைப் பச்சையிலும் நீக்கப்போவதைச் சிவப்பிலும் காட்டுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அது.

நிறுவி முடிந்ததும், படம் இருக்கும் ஃபோல்டருக்குள் போய், டெசராக்ட், படத்தின் பெயர், வெளிவர வேண்டிய கோப்பின் பெயர், பிறகு ஹைஃபன் எல், டாம் என்று வரிசையாகத் தட்டுங்கள். உரைக்கோப்பு ஒன்று பக்கத்திலேயே உருவாகும். ஸ்கேன் 300 டிபிஐ இருந்தால் பிழைகள் குறையும்.

நீக்குவது

சூடோ ஆப்ட் ரிமூவ் ட்ரீ

ரிமூவ் என்பது வாடகை வீட்டைக் காலி செய்வதுபோல. சாமான் எல்லாம் போய்விடும், சுவரில் அடித்த ஆணி அப்படியே இருக்கும். ஈடிசி என்ற ஃபோல்டரில் அந்த மென்பொருள் வைத்த அமைப்புக் கோப்புகள்தான் அந்த ஆணிகள். நாளைக்குத் திரும்ப நிறுவினால் பழைய அமைப்பு அப்படியே கிடைக்கட்டும் என்பதற்காக விட்டுவைக்கிறது. ஆணியையும் பிடுங்க வேண்டுமானால் ரிமூவ் இருக்கும் இடத்தில் ‘பர்ஜ்’ என்று தட்டுங்கள். ஏதாவது ஒரு மென்பொருளின் அமைப்பைக் குழப்பிவிட்டு முதலிலிருந்து தொடங்க நினைத்தால் பர்ஜ்தான் சரி.

உங்கள் சொந்த ஹோம் ஃபோல்டரில் இருப்பதை இரண்டுமே தொடாது. நீங்கள் எழுதிய கடிதம், எடுத்த படம், மென்பொருள் உங்கள் பெயரில் சேமித்த விருப்பங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

டெசராக்டை நீக்கினால் அதற்காக வந்த லெப்டோனிக்கா என்ன ஆகும்? அது அங்கேயே கிடக்கும். இப்படித் துணைக்கு வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாதவற்றைக் கூட்டிப் பெருக்க:

சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்

இதிலும் பட்டியலைப் படிக்காமல் போகாதீர்கள். துணையாக வந்த ஒன்றை நீங்களே தினமும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம், ஆப்டுக்கு அது தெரியாது. அப்படி ஒரு பெயரைப் பார்த்தால் ‘என்’ தட்டிவிட்டு, ‘சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்’ என்று போட்டுப் பொதியின் பெயரைக் கொடுங்கள். இது நான் கேட்டு வாங்கியது என்று குறித்துக்கொள்ளும், பிறகு ஆட்டோரிமூவ் அதைத் தொடாது.

எனக்கு நடந்தது

பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்த காலம். தை மாதம், கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்திருந்தது. கடைக் கணினியில் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று, தேவையில்லாததாக எனக்குத் தோன்றியதை எல்லாம் நீக்கிக்கொண்டிருந்தேன். பைதான் 3 என்று ஒன்று கண்ணில் பட்டது. இந்தக் கடையில் யார் நிரல் எழுதுகிறார்கள் என்று நினைத்து அதற்கும் ரிமூவ் போட்டேன். அதுவும், எங்கேயோ படித்த பழக்கத்தில், கட்டளையின் கடைசியில் ஹைஃபன் ஒய் சேர்த்திருந்தேன். அப்படிச் சேர்த்தால் ஆப்ட் கேள்வியே கேட்காது, எல்லாவற்றுக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளும்.

உபுண்டுவின் பல பாகங்கள் பைதானை நம்பித்தான் இருக்கின்றன. பெயர்கள் திரையில் ஓட ஓட, மேசைத்திரையின் பாகங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. திரும்ப ஆன் செய்தபோது கறுப்புத் திரையில் ‘லாகின்’ என்ற ஒரு சொல் மட்டும் நின்றது. கடைக்கார அண்ணாச்சி திட்டவில்லை. “சரி, எப்பம் சரியாகும்?” என்று மட்டும் கேட்டார். வெளியே பெஞ்சில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் புரூஃப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

உபுண்டுவில் உங்களுக்கு இது நேர்ந்தால் செய்ய வேண்டியது இதுதான். லாகின் திரைகூட வராவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்துங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போங்கள். வைஃபையைக் கவனிக்கும் பாகமும் போயிருக்கலாம் என்பதால், கேபிள் நெட்டோ, போனை யூஎஸ்பி வழியாக இணைக்கும் டெதரிங்கோ நல்லது. பிறகு:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்
சூடோ ரீபூட்

அன்று கடையில் கேபிள் நெட் இருந்ததால் பிழைத்தோம். பத்திரிகைக் கோப்புகள் எல்லாம் ஹோம் ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. எதெது போனது என்பதை ஆப்ட் ஒரு குறிப்பேட்டில் தேதி, நேரத்தோடு எழுதி வைக்கும். வார் ஃபோல்டருக்குள் லாக் (எல், ஓ, ஜி), அதற்குள் ஆப்ட், அதற்குள் ‘ஹிஸ்டரி’ என்ற லாக் கோப்பு. விட்டுப்போன ஒன்றிரண்டை அதைப் பார்த்துத்தான் திரும்ப நிறுவினேன்.

அன்றிலிருந்து ஹைஃபன் ஒய் நான் போடுவதே இல்லை. இணையத்தில் காணும் கட்டளைகளில் அது இருந்தால் அழித்துவிட்டுத் தட்டுங்கள். சந்தேகமான நீக்கம் என்றால் முதலில் ஒத்திகை பாருங்கள்: ‘ஆப்ட் ரிமூவ்’ என்பதற்குப் பின் ஹைஃபன், சின்ன எஸ், பிறகு பொதியின் பெயர். சூடோகூட வேண்டாம். எதெல்லாம் போகும் என்று சொல்லும், எதையும் நீக்காது.

அடிக்கடி வரும் தடங்கல்கள்

‘அனேபிள் டு லொக்கேட் பேக்கேஜ்’ என்று வந்தால் பெயரில் எழுத்துப்பிழை, அல்லது அப்டேட் செய்ய மறந்திருக்கிறீர்கள். பெயரில் பாதி தட்டிவிட்டு டேப் விசையை இரண்டு முறை அழுத்தினால் மிச்சத்தை அதுவே காட்டும், எழுத்துப்பிழைக்கு அது நல்ல மருந்து.

‘குட் நாட் கெட் லாக்’ என்று வந்தால் வேறொரு நிரல் இப்போது பொதிகளைக் கையாண்டுகொண்டிருக்கிறது. கணினியை ஆன் செய்த சில நிமிஷங்களில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாக ஓடும், பெரும்பாலும் அதுதான். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். இந்த லாக் பூட்டு என்ற பொருளில் வருவது; அந்தப் பூட்டுக் கோப்பையே அழித்துவிடு என்று சொல்லும் ஆலோசனைகளைக் கேட்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேலை பாதியில் சிதைந்தால் பொதிகளின் கணக்கேடே கெட்டுவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய், நிறுவல் பாதியில் நின்றால் பயப்பட வேண்டாம். கரண்ட் வந்ததும் முதலில் ‘சூடோ டிபிகேஜி’, இடைவெளி, இரண்டு ஹைஃபன் சேர்த்து ‘கான்ஃபிகர்’, இடைவெளி, ஒரு ஹைஃபன் ஏ. விட்ட இடத்திலிருந்து முடித்துவிடும். அதற்குப் பின்னும் சார்பு குறைகிறது என்று சொன்னால் ‘சூடோ ஆப்ட்’, இரண்டு ஹைஃபன் சேர்த்து ‘ஃபிக்ஸ்-புரோக்கன்’, பிறகு ‘இன்ஸ்டால்’. இங்கும் பட்டியல் வரும், படியுங்கள். பழுதைச் சரிசெய்ய அது சிலவற்றை நீக்கவும் கேட்கலாம்.

களஞ்சியத்தில் இல்லாத மென்பொருளை அதன் நிறுவனமே புள்ளி டெப் என்று முடியும் கோப்பாகக் கொடுப்பதுண்டு. இறக்கிய ஃபோல்டருக்குள் போய், ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’, இடைவெளி, புள்ளி, சாய்கோடு, கோப்பின் பெயர். அந்தப் புள்ளியும் சாய்கோடும் இல்லாவிட்டால் ஆப்ட் களஞ்சியத்தில் போய்த் தேடிக்கொண்டிருக்கும்.

உபுண்டுவில் ஃபயர்பாக்ஸை ஆப்ட் வழியே நீக்கிப் பார்த்து, அது போகவில்லையே என்று சித்தி மகள் ஒரு ராத்திரி கேட்டாள். உபுண்டு 22.04 பதிப்பு முதல் அது ‘ஸ்னாப்’ என்ற வேறு முறையில் வருகிறது. ‘ஸ்னாப் லிஸ்ட்’ போட்டால் அந்த வகையில் இருப்பவை தெரியும், நீக்க ‘சூடோ ஸ்னாப் ரிமூவ்’ என்று பெயரைக் கொடுக்க வேண்டும். இங்கே ‘ஒய்’யா ‘என்’னா கேள்வி வராது. தட்டியவுடன் போய்விடும், ஆகவே எண்டருக்கு முன்பே பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.